கண்டிச் சீமைக்கு முதலில் வந்தவர் யார்?
நம் குடும்பத்தின் வேரைத் தேடும் வழி



ஒரு தோட்டத்து மேற்பிரிவு லயத்தில் ஓர் அம்மாவைச் சந்தித்தோம். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணம் கைக்கு வரவில்லை. காரணம் கேட்டோம். ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காகிதங்களை எங்கள் முன் பரப்பினார். ஒன்றில் அவர் தகப்பன் பெயர் கருப்பன். இன்னொன்றில் கருப்பையா. மூன்றாவதில் கருப்பண்ணன். அவருடைய சொந்தப் பெயரே ஒன்றில் லெட்சுமி, மற்றொன்றில் லச்சுமி.

"மூணும் எங்கப்பாருதாங்க. ஆபீசுல மூணு ஆளுன்னு சொல்றாங்க. நான் யாரு மகன்னு நான் எப்படிங்க காட்டுறது?" என்று கேட்டார்.

அன்று அவர் கேட்டது நம்மில் பலருடைய வீட்டிலும் உள்ள கேள்விதான். நம் தாத்தா யார், பூட்டன் யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், எந்தக் கங்காணியோடு இந்த மலைக்கு வந்தார்? இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எல்லாம் கிடைக்காது, ஆனால் பல குடும்பங்களுக்குப் பாதியாவது கிடைக்கும். அதற்கான வழியை இந்த இதழில் சொல்கிறோம்.

ஏன் தேட வேண்டும்?

"செத்துப்போன தாத்தாவைத் தேடி என்ன ஆகப்போகுது?" என்று சிலர் கேட்பார்கள். நம் சனத்துக்கு இந்தக் கேள்வியால் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவர் இங்கே பிறந்தால் மட்டும் போதாது என்றது. அந்தச் சட்டம் வருமுன் இங்கே பிறந்தவர் பிரசையாக, அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்ற தாத்தாவும், அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்த தாத்தாவுக்குக் காகிதம் எங்கே இருக்கும்? காடு வெட்டித் தோட்டம் போட்டவரின் பேரன், தாத்தாவின் பிறப்பைக் காட்ட முடியாததால் நாடற்றவன் ஆனான்.

1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கலியாணம் ஆனவர் ஏழு வருஷமும், ஆகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்டச் சொன்னார்கள். அதிலும் காகிதம் இல்லாத பலருடைய மனுக்கள் தள்ளப்பட்டன. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்று குடும்பங்கள் உடைந்தன.

1988ஆம் ஆண்டுச் சட்டமும், கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே இந்த வினைக்கு முடிவு வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கே வாழும் அவர்களுடைய சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை தந்தது.

ஆனாலும் காகிதத் தொல்லை ஓயவில்லை. அடையாள அட்டை, சேமலாப நிதி, பிள்ளையின் பாடசாலை அனுமதி, காணி உறுதி என்று எதற்குப் போனாலும் "தகப்பன் பெயர் என்ன, அத்தாட்சி எங்கே" என்ற கேள்வி வருகிறது. ஆகவே குடும்ப வரலாறு தேடுவது சோற்றுக்கும் உதவும், மனசுக்கும் உதவும்.

முதலில் காலத்தைக் கண்டுபிடியுங்கள்

நம்மவர் எல்லோரும் ஒரே நாளில் வரவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் முன்னோர் எந்தக் காலத்தில் வந்தார் என்று தெரிந்தால்தான் எந்தக் காகிதத்தைத் தேடுவது என்று தெரியும்.

கோப்பிக் காலம்: 1820களில் கம்பளை, பேராதனைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டத்துக்குப் பிறகு மலைக்காடுகள் வேகமாக விற்கப்பட்டன. அந்தக் காட்டை வெட்டியவர்கள் நம்மவர்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். தண்ணீர் இல்லாத காடு, வாந்திபேதி, காய்ச்சல். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 2023ஆம் ஆண்டு அவர்களை நினைத்து நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். கோப்பிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள்.

தேயிலைக் காலம்: 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. 1880களில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்களும் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். நம்மில் அநேகம் பேருடைய முன்னோர் இந்தக் காலத்தில் நிலைகொண்டவர்களே.

ரயில் காலம்: 1914ஆம் ஆண்டு தலைமன்னார் வரை ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தன. அதன் பிறகு வந்தவர்கள் மண்டபம் காம்பில் சில நாள் தங்கி, அம்மை குத்திக்கொண்டு வந்தவர்கள். "மண்டபம் காம்பு" என்று வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால் அது உங்களுக்கு நல்ல துப்பு. 1939ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் வருவதைத் தடுத்தது. ஆகவே புதிதாக ஆள்கட்டி வந்தது பெரும்பாலும் அதோடு முடிந்தது.

ஒரு சின்னக் கணக்கும் உண்டு. ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950இல் பிறந்தவரின் தகப்பன் 1925 அளவிலும், தாத்தா 1900 அளவிலும் பிறந்திருப்பார். சரியாக இராது, ஆனால் தேட ஆரம்பிக்க உதவும்.

பெயர்ப்பட்டியல் ஒன்று எங்காவது இருக்கிறதா?

பலர் எம்மிடம் கேட்பது இது. மொரிசியஸ், பிஜி, தென்னாபிரிக்கா போனவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதப்பட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பதிவுகளைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இலங்கைக்கு வந்தவர்கள் அப்படி வரவில்லை. கங்காணி ஊருக்குப் போய், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று ஆள்சேர்த்து, முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். கணக்கு கங்காணியின் கையில், கடன் தொழிலாளியின் தலையில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனைத் தீர்த்துக்கொள்ளத் "துண்டு" வேண்டும். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுதான் சட்டப்படி ஒழிந்தது. 1901 முதல் வந்தவர்களுக்குத் தகரத்தில் ஓர் அடையாளம் கொடுத்தார்கள். அதில் போகவேண்டிய தோட்டத்தின் இலக்கம் இருந்தது. ஆளின் பெயர் இல்லை!

ஆகவே நமக்கு ஒரே புத்தகத்தில் விடை கிடைக்காது. துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் தைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பெரிய ஆபீசுக்குப் போகும் முன் பெரியவர்களிடம் போங்கள். காகிதம் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். கைத்தொலைபேசி இருந்தால் பேச்சைப் பதிவும் செய்யலாம்.

"நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று கேட்டால் "யாருக்கு தெரியும் தம்பி" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்:

"தாத்தா, முல்லோயாவுல கோவிந்தனைச் சுட்ட சமயம் நீங்க பெரட்டுக்குப் போறீங்களா, பிள்ளைக் காம்பராவுல இருக்கீங்களா?" (அது 1940 ஜனவரி.)

"அப்பாயி, யுத்த காலத்துல கூப்பனுக்கு அரிசி கொடுத்தப்போ நீங்க பெரிய மனுஷி ஆயிட்டீங்களா?"

"நம்ம ஆளுங்க தோணியில வந்தாங்களா, ரயில்ல வந்தாங்களா?"

"முதல்ல எறங்கின தோட்டம் எது? அங்கேயிருந்து இங்க ஏன் வந்தாங்க?"

"கூட்டியாந்த கங்காணி யாரு? அவரு என்ன ஊரு?"

கங்காணியின் ஊரைக் கேட்பது மிக முக்கியம். அவர் தன் ஊரிலும் பக்கத்து ஊரிலுமே பெரும்பாலும் ஆள் சேர்த்தார். உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

அடுத்தது குலதெய்வம். ஊரை மறந்த குடும்பம்கூட சாமியை மறக்கவில்லை. தேயிலைக்காட்டு ஓரத்தில் ஒரு கல்லை நட்டு இன்றும் கும்பிடுகிறோமே, அந்தச் சாமிக்கு அக்கரையில் ஒரு மூலக்கோயில் இருக்கும். சாமியின் முழுப் பெயரையும், எந்த மாதம் படையல், என்ன பலி, கூடவே எந்த எந்த சாமிக்கு இலை போடுகிறார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். முனியாண்டி, மதுரைவீரன் போன்ற சாமிகள் எங்கும் உண்டு. ஆனால் ஊர்ப் பெயரோடு சேர்ந்த அம்மன் பெயர் இருந்தால் அது கிட்டத்தட்ட முகவரி மாதிரி.

அம்மா வழியையும் விடாதீர்கள். காகிதங்களில் தகப்பன், தாத்தா என்றே எழுதியிருப்பார்கள். பெண்களின் பெயர் விட்டுப்போகும். ஆனால் கதைகளைக் காப்பாற்றியவர்கள் அம்மாயியும் அப்பாயியும்தான். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஊர்ப்பெயர் வரும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு காகிதங்கள்

தகரப்பெட்டி, சாமிப்படத்தின் பின்புறம், தலையணைக்குள், எங்கே இருந்தாலும் எடுத்து ஒன்றாக வையுங்கள்.

1. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் துரைக்கு அறிவித்து, அவர் மூலம் பதிவுக்கு அனுப்புவதே வழக்கம். வீட்டில் பிரதி இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதியில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். தோட்டத்தின் பெயரும் சுமாரான வருஷமும் அவசியம். தாத்தாவின் பிறப்புக் கிடைக்காவிட்டால் அவருடைய இறப்புப் பதிவைத் தேடுங்கள். அதில் வயதும், சில வேளை பிறந்த இடமும் இருக்கும்.

2. பிரசாவுரிமைக் காகிதங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படியும், 1964க்குப் பிறகும் போட்ட மனுக்களில் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது எல்லாம் சேர்த்து எழுதப்பட்டன. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்த குடும்பங்களிடம் அக்கரை ஊர் விவரமும் இருக்கும்.

3. தோட்டத்துப் புத்தகங்கள். செக்குரோலில் பேர் போட்ட நாள், சேமலாப நிதி இலக்கம், பிள்ளைக் காம்பராப் பதிவு, தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவு. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தின்போதும், 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் தோட்ட நிர்வாகம் கைமாறியது. பல பழைய புத்தகங்கள் அப்போது தொலைந்தன. இருப்பதைப் பெரிய கிளாக்கரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

4. பாடசாலை அனுமதிப் பதிவேடு. பழைய தோட்டப் பாடசாலைப் பதிவேடு சில இடங்களில் இன்றும் அதிபரின் அலுமாரியில் இருக்கிறது. தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் அதில் இருக்கும்.

5. கோயில், தேவாலயப் புத்தகங்கள். திருவிழா வரிக் கொப்பியில் லயம் லயமாகக் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை.

6. கங்காணி வீட்டுக் கணக்கு. பெரியகங்காணியின் வாரிசுகளிடம் பழைய பற்றுவரவுப் புத்தகம் இருந்தால் அது தங்கம்.

தோட்டத்தின் பழைய பெயர் குழப்பமாக இருந்தால், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய நூலைப் பாருங்கள். எந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் துரை என்று அதில் உண்டு. துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம்மவர் கூப்பிட்ட பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதி வையுங்கள். பழைய லயமும் பழைய சாமான்களும் எப்படி இருந்தன என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு திறந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம்.

பெயர் மாறியது எப்படி?

நம் பெயரை எழுதியவர்கள் நாமல்ல. துரை இங்கிலீசில் எழுதினார், பதிவாளர் சிங்களத்தில் எழுதினார், கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதினார். முனியாண்டி முனியன் ஆனார், மாரியாயி மாரியம்மா ஆனார். வீட்டுப் பெயர் ஒன்று, செக்குரோல் பெயர் ஒன்று. ஒரே லயத்தில் நாலு ராமசாமி இருந்தால் "நெட்டை ராமசாமி", "முசிறி ராமசாமி" என்று சேர்த்துப் போட்டார்கள். ஆகவே தேடும்போது ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். பெயர் வேறுபட்டாலும் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், தோட்டம், வயது நான்கும் ஒத்துப்போனால் அவர் ஒரே ஆளாக இருக்கக்கூடும். ஒன்று மட்டும் ஒத்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

அக்கரை ஊரைத் தேடும்போது

நம்மவர் பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்தும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் வந்தவர்கள். அந்த ஜில்லாக்கள் இன்று அப்படியே இல்லை. பழைய திருச்சியில் இருந்து கரூர், பெரம்பலூர், அரியலூர் பிரிந்தன. சேலத்திலிருந்து தருமபுரியும் நாமக்கல்லும் பிரிந்தன. மதுரையிலிருந்து திண்டுக்கல், தேனி. ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கை, விருதுநகர். புதுக்கோட்டை 1948இல் இந்தியாவோடு சேர்ந்து, 1974இல் தனி மாவட்டமானது.

பழைய காகிதத்தில் "திருச்சி ஜில்லா" என்று இருந்து ஊர் அங்கே இல்லை என்றால் மனம் தளர வேண்டாம், ஜில்லா மாறியிருக்கும். தாலுகாவின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனையோ ஊர் உண்டு. தாலுகா இல்லாமல் எந்தப் புதூர் என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் அக்கரை போன சொந்தக்காரர்களையும் கேளுங்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நம்மவர்கள் அநேகர் குடியேறினார்கள். அவர்கள் பெட்டியில் உங்கள் தாத்தா பெயரும் இருக்கலாம்.

சில எச்சரிக்கைகள்

மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்; போட்டோப் பிரதி மட்டும் கொடுங்கள். "காசு கொடுத்தா பழைய பிறப்புப் பத்திரம் எடுத்துத் தாறேன்" என்று வருபவரை நம்ப வேண்டாம். பொய்ப் பத்திரம் ஒன்று உள்ளே வந்தால் உண்மைப் பத்திரங்கள் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும்.

தேடும்போது சங்கடமான விசயமும் வரும். யாரோ கடனுக்குப் பயந்து பேரை மாற்றியிருப்பார், யாரோ சாதியை மறைத்திருப்பார், ஒரு பிள்ளை வளர்ப்புப் பிள்ளையாக இருக்கும். அது அவர்கள் பிழைத்த வழி. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், லயம் முழுக்கச் சொல்லித் திரியவும் வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது?

அவருடைய அண்ணன் 1970களில் கோத்தகிரிக்குப் போனவர். அண்ணன் மகனுக்குக் கடிதம் போட்டோம். பழைய குடும்பப் பட்டியலின் பிரதி வந்தது. அதில் தகப்பன், தாய், ஐந்து பிள்ளைகள், எல்லோருடைய வயதும் இருந்தன. நாலாவது பிள்ளை லெட்சுமி. தோட்டப் பாடசாலைப் பதிவேட்டிலும் அதே தகப்பன் பெயர். இரண்டையும் வைத்து, மூன்று பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தார். நாட்கள் எடுத்தன, ஆனால் பணம் வந்தது.

தாத்தாவின் பிறப்புப் பதிவு கடைசி வரை அகப்படவில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் ஓரத்தில் முசிறி தாலுகா என்றும் ஓர் ஊர்ப் பெயரும் எழுதியிருந்தன. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தியை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எங்கப்பாரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, நாந்தான் காதுல போட்டுக்கல" என்றார்.

வாசகர்களே, இந்த மாதமே ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், அடுத்து அப்பா, அம்மா, பிறகு தாத்தா, பாட்டி என்று தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டு, லயத்தில் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். உங்கள் பிள்ளை நாளைக்கு ஓர் ஆபீசு வாசலில் நின்று "நான் யாருடைய பேரப்பிள்ளை" என்று சொல்ல வேண்டி வந்தால், அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.